ஆகாயத்தில் முக்கால் மணி

ஆகாயக் கணக்கர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. கொம்பு கிடையாது, வால் கிடையாது. அதனால் பார்த்தவுடன் அடையாளம் தெரியாது. எந்தப் பிரயாணத்திலும் வண்டி ஓடுகிற நேரத்தை மட்டுமே இவர்கள் எண்ணுவார்கள். மூட்டை கட்டுவது, மாமியார் செருப்பைத் தேடுவது, வண்டிக்குக் காத்து நிற்பது எதுவும் கணக்கில் சேராது. பத்திரப் பதிவா? "கையெழுத்துப் போட ரெண்டு நிமிசங்க." பிரியாணியா? "தம் போட்டா முடிஞ்சுது." ஆட்டை யார் உரிப்பது? அப்படிக் கேட்டால் நீங்கள் விளங்காதவர்.

தருமபுரிப் பக்கத்து இண்டூர் சவரிமுத்து இந்த இனத்தின் அசல் வித்து. விமானத்தில் ஏறியவரல்லர், யாரையோ வழியனுப்பப் போய், பெங்களூர் விமான நிலையத்து மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர். அது போதாதா? எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம், அண்ணன் மகன் பிலவேந்திரனுக்குக் கோயமுத்தூர்ப் பெண் ராஜமேரியோடு, கோயமுத்தூர் மாதா கோவிலில் காலை பத்து மணிக்குக் கல்யாணம் என்று நிச்சயமானதும் யோசனை சொல்லக் கிளம்பிவிட்டார்.

"நாங்க முந்தின நாளே வேன்ல போயிக்கறோம். கல்யாண மாப்பிள்ளை நீ எதுக்குடா ரோட்டுல குலுங்கணும்? பெங்களூர்ல ஏறுனா முக்கா மணி நேரம்!"

"சித்தப்பா, கோயமுத்தூரு தெக்கால இருக்குது. பெங்களூரு வடக்கால..."

"ஆகாயத்துல ஏதுடா வடக்கு தெக்கு?"

முக்கால் மணி நிஜந்தான். பெங்களூரிலிருந்து ஆகாயத்தில் எவ்வளவு தூரமோ, தருமபுரியிலிருந்து தார் ரோட்டிலும் கோயமுத்தூர் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதும் நிஜம். அதை யார் அவரிடம் சொல்வது? சொன்னால்தான் கேட்பாரா, மகராசன்!

கல்யாணத்தன்று முதல் பஸ்ஸைப் பிடித்து, கிருஷ்ணகிரியில் டீக்கு நின்று, ஓசூரில் ஆள் ஏற்றி, பெங்களூரில் இறங்கி, ஆட்டோக்காரரோடு மன்றாடி, கோட்டு கசங்க ஓடிப் பிலவேந்திரன் போய்ச் சேர்ந்தபோது, விமானம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு மாலையோடு போன சம்பந்தி மாலையோடே திரும்பினார். பங்குச் சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். சவரிமுத்து வானத்தைப் பார்த்தார். ராஜமேரி முக்காட்டுக்குள் அழுதாள். பாவம், அழமாட்டாளா பின்னே?

"இருட்டறதுக்குள்ள மாப்பிள்ளை வரலீன்னா பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவேனுங்க. இந்தச் சம்பந்தமே வேண்டாமுங்க" என்றார் பெண்ணைப் பெற்றவர்.

மாப்பிள்ளை பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தான். எந்த வழியாக? சொந்த ஊர் வழியாக! தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் அவனைக் கண்ட மாது என்கிற ஊர்ப் பால்காரர், "என்னப்பா, அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சு வந்துட்டியா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து இறங்கினான். சாமியார் காத்திருந்த புண்ணியத்தில் தாலி ஏறியது. சவரிமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஏறியிருந்தா முக்கா மணிதாங்க!" என்றார்.

முக்காட்டை விலக்கினாள் மணப்பெண். "ஏனுங்க மாமா, எனக்குத் தாலி கட்டறதுக்கும் ஒரே நிமிசந்தானுங்க ஆச்சு. காத்தாலேருந்து இங்கதான் உக்காந்திருக்கறேன்."

"அதானே, ஒரே நிமிசம்!" என்று மலர்ந்தார் சவரிமுத்து.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். "இதோ, ரெண்டே நிமிஷம்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தானே இதைக் கையில் எடுத்தீர்கள்? உள்ளே போட்டு வைத்த சாதம் ஆறி எவ்வளவு நேரமாகிறது?