துரை கட்டில்

பங்களாவுக்கு முன்வாசல் வைக்க மறந்துபோயிருந்தான் கஜேந்திரன்.

"ஊடு நல்லாத்தான் ஈக்கி தம்பி. உள்ளுக்குப் போறது எப்பிடி?" என்று கேட்டார் ஹுஸைன் நானா. யட்டியாந்தோட்டை பஜாரில், கஜேந்திரன் திரையில் பங்களா கட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் கடை அவருடையது.

"பின்னால குசினி வாசல் இருக்கே நானா."

நூறு வருடப் பழைய துரை பங்களாவுக்குள் அவன் போனதெல்லாம் அந்தச் சமையலறை வழியாகத்தான். முன்வாசல் என்று ஒன்று இருப்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் கால் வைத்த தொழிலாளி யாரும் இல்லை.

அந்தப் பங்களாவைக் கம்பெனி டூரிஸ்ட் விடுதி ஆக்கப் போகிறது. அறைகளை எப்படி அலங்கரிப்பது என்று கம்ப்யூட்டரில் செய்து காட்ட ஆள் தேடினார்கள். "நான் செய்றேங்க" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். டைரக்டருக்குப் பிடித்தால் ஆபீசில் வேலை என்றார் தோட்டத்து மேனேஜரான துரை. அப்பா இருளப்பன் முழங்கால் வலியால் ரப்பர் பால் வெட்டுவதை விட்டுவிட்டார். அம்மா மூக்காயிக்கும் இந்த வருடத்தோடு வேலை முடிகிறது. வீட்டில் ஒருவருக்காவது தோட்டத்தில் வேலை இல்லாவிட்டால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் இருக்கும் காம்பிராவைத் திருப்பிக் கேட்பார்கள்.

கஜேந்திரனுக்கோ வீட்டுப் படம் போடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் வீடு கட்டி ஆள்களைக் குடிவைக்கும் கேம் ஒன்றுதான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று அதிலேயே பங்களாவைக் கட்டினான்.

ஆள் இல்லாமல் அந்த கேம் ஓடாது. சும்மா இருக்கட்டும் என்று அப்பாவையும் அம்மாவையும் குடிவைத்தான். முன்வாசலையும் வைத்தான். வினை அங்கே ஆரம்பித்தது.

கம்ப்யூட்டர் இருளப்பன் அந்த வாசலால் நேராகப் போய் துரையின் தேக்குக் கட்டிலில் செருப்போடு படுத்துத் தூங்கினார். கம்ப்யூட்டர் மூக்காயி சமைக்கப் போய் ஜன்னல் சீலைக்குத் தீ வைத்தாள். கஜேந்திரன் அடுப்பை எடுத்தான். இருவரும் பசியில் அழுதார்கள். கட்டிலைக் காப்பாற்ற அறைக் கதவை எடுத்துவிட்டுச் சுவராக்கினான். கக்கூஸும் அந்த அறைக்குள்தான் இருந்தது. நடுக் கூடத்துச் சிவப்புக் கம்பளம் நாசமாய்ப் போயிற்று. கதவைத் திரும்ப வைத்தான். இருவரும் மறுபடியும் கட்டிலுக்கே போனார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சாமான் வாங்க வந்த நிஜ மூக்காயி கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி! நானாடா அது? துரை கட்டில்லயா?"

"சும்மா படம்மா."

"இருக்கட்டும்டா. எப்பிடித் தூங்குறேன் பாரு!"

மாலைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் பக்கத்துக் காம்பிரா புஷ்பம் குடும்பத்தோடு வந்து நின்றாள். "எங்களயும் போடு தம்பி. ஒரு ஓரமாப் படுத்துக்கிறோம்."

முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது? போட்டான். பங்களா தேர்த் திருவிழா ஆனது.

டைரக்டர் வரும் நாள் நெருங்கியது. கடைசியில் பங்களாவுக்குப் பின்னால், முன்பக்கத்திலிருந்து கண்ணில் படாத பள்ளத்தில், வரிசையாகச் சின்ன அறைகள் கட்டினான். அறைக்கு ஒரு கதவு, ஓர் அடுப்பு, மேலே தகரம். எல்லோரையும் அதற்குள் தள்ளினான். பங்களா பளிச்சென்று ஆனது.

"இத எங்கயோ பார்த்த மாதிரி ஈக்கே தம்பி" என்றார் ஹுஸைன். கஜேந்திரன் மவுஸை நகர்த்திப் பள்ளத்தைத் திரைக்கு வெளியே தள்ளினான்.

அன்று மூக்காயி மறுபடியும் வந்தாள். "கட்டில்ல இருந்து எழுப்பிட்டியாடா?"

"அது விருந்தாளிங்களுக்கும்மா."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

டைரக்டர் வந்த அன்று கம்ப்யூட்டரைத் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு போய், குசினி வழியாகப் பங்களாவுக்குள் சுமந்தான். டைரக்டர் சோபாவைப் பார்த்தார், சரவிளக்கைப் பார்த்தார், கொட்டாவி விட்டார். பிறகு தானே மவுஸைப் பிடித்துப் படத்தைச் சுழற்றினார். பள்ளம் திரையில் வந்தது.

கஜேந்திரன் மவுஸைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான்.

"அட, இது!" என்று சிங்களத்தில் சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார் டைரக்டர். "பங்களா எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. வெள்ளைக்காரன் இதில் படுத்துப் பார்க்கத்தான் காசு கொடுப்பான். இதே அடுப்பு, இதே தகரம். நிஜ லயம் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா?"

கூட நின்ற துரை ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். கை காட்டிய இடத்தில் மூக்காயியின் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

கஜேந்திரனுக்கு வேலை கிடைத்தது. அந்த லயத்துக்காரர்களைக் காலி பண்ணச் சொல்வதுதான் முதல் வேலை.

வீட்டில் மூக்காயி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவன் வாசலிலேயே நின்றான்.

"அம்மா... நம்ம காம்பிராவுல வெள்ளக்காரங்க வந்து தங்கப் போறாங்களாம்."

மூக்காயி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப நாங்க பங்களாவுக்குத்தானே? அந்தக் கட்டில்ல ஜன்னல் பக்கம் நான் படுத்துக்கிறேன்டா, அப்பாவுக்குக் கூதல் ஆகாது."