பீர்மேட்டில் ஆடி பிறந்தது

2009, ஜூலை 12, ஞாயிறு. காலை 5.10க்கு எழுந்தேன். வெந்நீர் ஒரு சொம்பு. 5.40க்கு மழைமானியைப் பார்த்தேன்: மூன்று மில்லிமீட்டர். 6.15க்குக் காபி. 7 மணிக்கு வடக்குத் தோப்பில் கவாத்து வேலையைப் பார்வையிட்டேன். 8.20க்குக் குளியல், 8.45க்கு இட்லி நான்கு. 9.30 முதல் 11.45 வரை தேன்நிலவுக் கால அட்டவணையைத் திருத்தி எழுதினேன் (நான்காம் படி).

இது என் டைரியில் உள்ளபடியே. எழுதியவனுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. கல்யாணமாகி ஒரு வாரம். அவனை நினைத்தால் எனக்கு இன்றும் காது மடல் சூடாகிறது. தேன்நிலவுக்கு அட்டவணை போட்டது கூடப் பெரிய குற்றமில்லை. எங்கள் ஊர் முதலமடையில் உட்கார்ந்துகொண்டு, மலைமேல் இருக்கும் பீர்மேட்டு மழைக்கு அவன் நேரம் ஒதுக்கினானே, அதைத்தான் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் ஏன் போனோம் என்று கேட்கலாம். வேறு காலம் இல்லை. எங்கள் ஊரில் தை முதல் வைகாசி வரை மாங்காய். அந்த மாதங்களில் தோப்புக்காரன் கல்யாணம் செய்துகொண்டால் மாப்பிள்ளையை லாரியில்தான் தேட வேண்டும். அதனால் கல்யாணம் ஆனியில். ஆடி பிறந்தாலோ புதுப்பெண்ணைத் தாய்வீட்டார் வந்து அழைத்துப் போய்விடுவார்கள், ஒரு மாதம் கண்ணில் காட்டமாட்டார்கள். விருந்துகளெல்லாம் போக எனக்கு மிஞ்சியது நான்கே நாள். பதின்மூன்றாம் தேதி புறப்பட்டுப் பதினாறாம் தேதி இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவேன் என்று கொழிஞ்சாம்பாறையில் மாமனாருக்கு வாக்குக் கொடுத்தேன். பதினேழு, ஆடி முதல் நாள், காலை ஏழு மணிக்கு அவர் சீர்த்தட்டோடு வந்து மகளை அழைத்துப் போவதாக ஏற்பாடு.

பதினொரு வருடம் தினமும் மழை அளந்தவன் நான். என் பதிவேட்டின்படி ஜூலை மழை காலை ஒன்பதுக்குள் பெய்து ஓய்ந்துவிடும். பிறகு மாலை ஐந்துக்கு மேல் ஒரு தூறல். அந்தப் பதிவேடு முழுக்க, மலைக்கு இந்தப் பக்கம் மழை மறந்துபோன ஒரு மாந்தோப்பைப் பற்றியது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மழை என்றால் எல்லா ஊருக்கும் ஒரே மழைதானே? (அப்படித்தான் நினைத்தேன். மாம்பழத்தில் மட்டும் முப்பது ரகம் பிரித்துச் சொல்லுவேன்.)

தங்குமிடத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது வீட்டுக்காரம்மா செல்லக்கனியிடம் கேட்டேன்: “ஜூலையில அங்க எத்தனை மில்லிமீட்டர் பெய்யுமுங்க?”

“அதெல்லாம் அளக்கதில்ல தம்பி. பெய்யும்.”

‘விவரமில்லாதவர்’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

அட்டவணையைப் பன்னிரண்டாம் தேதி மாலை என் மனைவி கோகிலாவிடம் படித்துக் காட்டினேன். காட்சிமுனை, தேயிலைத் தோட்டம், அருவி, எல்லாம் காலை ஒன்பதரைக்கும் மாலை நாலரைக்கும் நடுவில். எடுத்துப்போகும் பொருள்களின் பட்டியலில் பதினேழாவது: குடை, ஒன்று (இருவருக்கும்). இரண்டு குடை எடுத்தால் இடையே தூரம் விழும் என்று யோசித்து எடுத்த முடிவு.

கோகிலா பொறுமையாகக் கேட்டாள். “ஏனுங்க, இதுல மழைக்கு எத்தன மணிக்குங்க பஸ்ஸு?”

“மழை ஒன்பதுக்கு நின்னுருமாக்கும்.”

“சொல்லி வெச்சுட்டீங்களா?” என்றாள்.

பதின்மூன்றாம் தேதி பொள்ளாச்சி, பழனி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறிப் போனோம். குமுளி வரை அட்டவணையில் ஏழு நிமிடம்தான் பிசகியது. குமுளியில் மழை பஸ்ஸில் ஏறியது, பிறகு இறங்கவில்லை. சன்னல் ஓரம் கோகிலாவுக்கு என்று அட்டவணையில் இருந்தது. கண்ணாடி வழியே தண்ணீர் ஒழுகி அவள் புதுப்புடவை தோள் வரை நனைந்தது.

தங்குமிடம் எஸ்டேட்டின் பழைய குவார்ட்டர்ஸ். முன்பக்க அறை எங்களுக்கு. சன்னலைத் திறந்தால் பாசி பிடித்த மண்திட்டு. நடுவில் பதினைந்து அடி முற்றம். அதைத் தாண்டிப் பின்பக்கம் செல்லக்கனி அக்காவும் அவர் கணவர் சுடலை அண்ணனும் இருந்தார்கள். அண்ணன்தான் ஜீப் ஓட்டுவார்.

போன உடனே முற்றத்தில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்தேன், மழை அளக்க. காலையில் அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. டைரியில் எழுதினேன்: ‘அளவு: டம்ளர் போதவில்லை.’ ஆனால் தளரவில்லை. ஒன்பதரைக்குக் காட்சிமுனைக்குப் போனோம். ஜீப்பிலிருந்து இறங்கிக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எதிரே வெள்ளை. மேலே வெள்ளை. கீழே எங்கள் கால்களும் கொஞ்சம் வெள்ளை.

“இங்கிட்டுதாம் சார் பள்ளத்தாக்கு,” என்றார் சுடலை அண்ணன், கையை நீட்டி. நீட்டிய கை முழங்கைக்கு அப்பால் தெரியவில்லை.

ஒரே குடையில் என் இடது பாதியும் அவள் வலது பாதியும் நனைந்தன. நடுவில் காய்ந்திருந்த பகுதி வழியாகத்தான் நாங்கள் நெருங்கியிருந்தோம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

பதினைந்தாம் தேதி மறுபடியும் அதே இடம், அதே வெள்ளை. கூடுதலாக அட்டைப்பூச்சி. அட்டவணைப்படி ‘புல்வெளியில் உலாவுதல், 25 நிமிடம்’ என்றிருந்ததால் உலாவினோம். அறைக்கு வந்து எண்ணியதில் அவள் காலில் நான்கு, என் காலில் பதினொன்று. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ சிவப்பாகியிருந்தது. செல்லக்கனி அக்கா உப்பைத் தூவிக்கொண்டே, “அட்டைக்கு மாப்பிள்ளயத்தான் பிடிச்சிருக்கு,” என்றார்.

அன்று பகல் இரண்டு மணிக்குத்தான் சுடலை அண்ணன் வந்து சொன்னார். “சார், மண்ணு நல்லா ஊறிட்டு. எந்நேரமும் ரோட்டுல எறங்கும். போறதுன்னா இப்பவே கெளம்பிருங்க. குமுளில கொண்டு விட்டுருதேன்.”

கோகிலா பெட்டியை எடுத்தே விட்டாள். “போயிரலாமுங்க. எங்கப்பனுக்கு வாக்குக் குடுத்திருக்கறீங்க. ஆடி அன்னைக்கு நாம இங்க இருந்தா மானம் போயிருமுங்க.”

நானோ இன்னும் எதையும் பார்க்கவில்லை. மூன்று நாளில் பார்த்தது மண்திட்டும் டம்ளரும்தான். தேன்நிலவு போய் என்ன பார்த்தீர்கள் என்று ஊரில் கேட்டால் என்ன சொல்வது? “நாளைக்குக் காலையில ஆறரைக்கு இன்னொரு தடவை பாத்துருவோம். பத்தே காலுக்கு பஸ். இருட்டறதுக்குள்ள போகலைன்னாலும் ஆடிக்குள்ள ஊட்டுக்குப் போயிருவோம்,” என்றேன்.

“மழை உங்க பேச்சக் கேட்குமுங்களா?”

“மூணு நாள் விடாம பெஞ்சா நாலாம் நாள் வெளுக்கும். என் பதிவேட்டில...”

“அந்தப் பதிவேட்டையே கட்டியிருக்கலாமுல்லீங்க,” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

பதினாறாம் தேதி ஆறரைக்குப் போனோம். வெள்ளை. ஏழரை வரை நின்றேன். கோகிலா ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. ஒன்பது ஐம்பதுக்குப் பெட்டியோடு நாங்கள் வாசலில் நின்றபோது சுடலை அண்ணன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். குமுளி போகும் பக்கம் மண் சரிந்திருந்தது. கோட்டயம் இறங்கும் பக்கம் மரம் விழுந்து அதன்மேல் மண். “ரெண்டு நாளாவது ஆவும்,” என்றார்.

கோகிலா என்னைப் பார்க்கவில்லை. அது திட்டுவதைவிட மோசம். நான்தான் மாமனாருக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது.

“மாமா, வழியில மண்ணு விழுந்துருச்சுங்க. நாளைக்கு வர முடியாதுங்க.”

“மாப்பிள்ளைங்க. விடிஞ்சா ஆடிங்க.”

“ஆமாங்க.”

“நான் நாளைக்குத் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து யாரைங்க கூப்பிடறது? உங்க மழைமானியவா?”

பின்னால் மாமியார் அழும் சத்தம் கேட்டது. ஆடியில் புருஷன் பெண்டாட்டி ஒரே கூரையில் இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பதெல்லாம் எங்களுக்கே தெரியும். அவர்களை அழ வைத்தது அதைவிட, ஊரில் பேசப்போகும் பேச்சு. நான் ஏதேதோ சொன்னேன். கோகிலா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான பிறகு அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற செல்லக்கனி அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

“அண்ணாச்சி, நான் இவுக தங்கியிருக்க வீட்டுக்காரி பேசுதேன். எங்களுக்கும் ஆடி உண்டு, கேட்டியளா? நாங்களும் திருநெவேலிப் பக்கந்தான். ஒங்க மக இன்னையிலருந்து எம் மக. வெளக்கு வைக்கதுக்குள்ள எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருதேன். ரோடு தெறக்க வரைக்கும் மாப்பிள்ள படியேற மாட்டாரு. நான் பாத்துக்கிடுதேன்.”

எனக்கும் கேட்கும்படி மாமனார் உரக்கக் கேட்டார், “தட்டு வெச்சுத்தானுங்க கூப்பிடுவீங்க?”

“பின்னே? வெறுங்கையோடயா வருவேன்?”

மாலை ஐந்தரைக்கு வந்தார்கள். பதினைந்து அடி முற்றத்தைக் கடக்க முறையாக வந்தார்கள். செல்லக்கனி அக்கா பட்டுப்புடவையில், தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம். சுடலை அண்ணன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தட்டுக்கு மட்டும் குடை பிடித்து வந்தார். போனை உரக்கப் பேசும்படி வைத்துக் கட்டில்மேல் வைத்திருந்தோம். கொழிஞ்சாம்பாறை முழுக்க அதில் கேட்டுக்கொண்டிருந்தது.

“சம்பந்தி வீட்டுல பெரியவங்க யாரு?” என்றார் சுடலை அண்ணன், என் முகத்தைப் பார்த்தே.

“நான்தாங்க.”

“சின்னவங்க?”

“அதுவும் நான்தாங்க.”

“பொண்ண ஆடிக்கு அழச்சிக்கிட்டுப் போறோம். சம்மதந்தானா?”

தட்டை வாங்கிக்கொண்டேன். போனிலிருந்து மாமனார், “குடுத்துட்டாருங்களா?” என்று கேட்டார். குங்குமம் வைத்துக்கொண்டு கோகிலா எழுந்தாள். அழுத முகம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. வாசலில் திரும்பி, “ஒடம்பப் பாத்துக்குங்க. கடுதாசி போடுறேன்,” என்றாள். பட்டியலில் பதினேழாவதான குடையையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். முற்றத்துக்கு அப்பால் கதவு சாத்தப்பட்டது. என் சாப்பாட்டைச் சுடலை அண்ணன் கொண்டுவந்தார்.

பதினாறு வருடம் ஆகிறது. இன்றும் எங்கள் சொந்தத்தில் எனக்கு இரண்டு மாமியார் என்பது முடிவான விஷயம். ஆடி பிறந்தால் மாமனார் பீர்மேட்டுக்குப் போன் போட்டு, “சம்பந்தி, அந்தப் பக்கம் ரோடெல்லாம் எப்படிங்க?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொள்வார். மழைக்காலத்தில் எந்த ஜோடி வெளியூர் கிளம்பினாலும், நாள் குறிப்பதற்கு முன் என்னைக் கேட்கிறார்கள். நான் நல்லது என்று சொல்லும் நாளை விட்டுவிடுகிறார்கள்.

கோகிலாவை அழைத்துப் போன மறுநாள், ஆடி ஒன்று, காலையில் முதலில் நான் செய்த காரியம், பல் துலக்காமல் டைரியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடியது. கோகிலா கூப்பிட்டிருந்தாள். மழை நின்றிருந்தது. பின்பக்க வீட்டின் பக்கச் சுவரோரம், கையில் பாலில்லாத கட்டஞ்சாயாவோடு, எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அந்தச் சுவரைத் தாண்டினால்தான் பள்ளத்தாக்கு, என் வாசலிலிருந்து தெரியாது.

முற்றத்தில் ஒரு கால் வைத்தேன். “மாப்ள! படிய விட்டு எறங்கப்படாது!” என்று அடுப்படியிலிருந்து செல்லக்கனி அக்காவின் குரல் வந்தது. காலை எடுத்துக்கொண்டேன்.

“என்ன தெரியுது?” என்றேன்.

“எல்லாந் தெரியுதுங்க!”

“வரிசையாச் சொல்லு!”

“கீழ ஆறு ஒண்ணு, செவப்பாப் போகுதுங்க. அதுக்கு மேல தேயில. அப்புறம் மலைங்க, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு...”

“எத்தனை?”

“இருங்க, எண்ணுறேன். அஞ்சு... ஆறு... ஐயோ, மூடுதுங்க... போச்சுங்க.”

எழுதிக்கொண்டேன்: ‘6.22 முதல் 6.31 வரை, காட்சி தெளிவு. மலைகள் ஆறு, கூடவும் இருக்கலாம். பார்த்தவர்: கோகிலா.’