கறிவேப்பிலைக்கு ஒரு கேமரா

படத்தில் திருடர் இருந்தார். அவருக்கு முகம்தான் இல்லை.

செந்தூல் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில், தம்புசாமி தம் பழைய வீடியோ கேமராவின் சின்னத் திரையில் மூக்கு முட்டக் குனிந்திருந்தார். நடைபாதைக் கோடியிலிருந்து காலை வெயில் நேராக அவர் வாசலில் வந்து விழுந்தது. அந்த வெயிலுக்கு நடுவே ஒரு கரிய உருவம் வந்தது, தொட்டிச் செடியிலிருந்து கறிவேப்பிலையை உருவியது, போய்விட்டது.

"ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல!"

"நாலு இலைக்குக் கேமராவா? உங்க செடியாச்சு, நீங்களாச்சு," என்றாள் மனைவி உஷாராணி, அதே செடியின் இலையைக் கிள்ளிச் சாம்பாரில் போட்டபடி.

சென்ற தீபாவளியை ஒட்டி அந்த வாசலில் இடம்பிடித்த செடி அது. மனைவி ஆசையாக வாங்கி வைத்திருக்கிறாள் என்று தம்புசாமி உள்ளூர மெச்சினார், வாய்விட்டு மெச்சவில்லை. மெச்சினால் இன்னும் நாலு தொட்டி வந்துவிடும். தண்ணீர் ஊற்றுவதையும் அவள் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். பறிப்பதில் மட்டும் இருவருக்கும் சம பங்கு.

இலை பெரிதன்று. குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு அவர் நின்றார். 'ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் திருடரின் முகத்தைத் திரையில் காட்டுவேன்' என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியும் விட்டார். காட்டாவிட்டால் ஓட்டும் போகும், மானமும் போகும். தன் கூட்டைக் காக்கும் காக்கை ஊரிலுள்ள குயில்களையெல்லாம் முறைப்பதுபோல், அவர் அக்கம்பக்கத்தாரை முறைக்கத் தொடங்கியிருந்தார்.

பிரிக்பீல்ட்ஸ் கேமரா கடை ராஜனுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

"வெளிச்சத்துக்கு எதிர்ல வச்சா மூஞ்சி கறுப்பாத்தான் விழும், அண்ணே. எக்ஸ்போஷர, அதான் வெளிச்ச அளவ, கூட்டி வைங்க."

தம்புசாமி எதையும் அரைகுறையாகச் செய்பவரல்லர். கூட்ட முடிந்த மட்டும் கூட்டினார். மறுநாள் படத்தில் சுவர் இல்லை, தரை இல்லை. பால்வெள்ளைப் பெருவெளியில், பாதமில்லாத ஒரு வெள்ளை உருவம் மிதந்து வந்து செடியருகே நின்றது. அதையும் குழுவில் போட்டார்.

மாலைக்குள் மின்தூக்கி வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. நாலாம் மாடி மலர்விழி மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"அங்கிள், பேய் வர்ற புளோக்ல யாரு வாடகைக்கு வருவா? எங்க வீட்டு ரூமுக்கு வர இருந்தவங்க வேணாம்னுட்டாங்க!"

ராஜன் போனில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தமே கேட்டது. "கூட்டச் சொன்னேன், கொட்டச் சொல்லலியே! உப்பு மாதிரி லா, அளவாப் போடணும். பேக்லைட் பட்டன அமுக்குங்க, பின்னால அடிக்கிற வெளிச்சத்த அது சமாளிக்கும். அப்புறம் ஒயிட் பேலன்ஸ். சுத்த வெள்ளையா ஒண்ணக் காட்டுனா, கேமரா மத்த கலரயெல்லாம் சரி பண்ணிக்கும்."

சுத்த வெள்ளைக்கு எங்கே போவது? தைப்பூசத்துக்குக் கட்டிய வேட்டியைக் கொண்டுவந்து கேமராவுக்கு முன் விரித்தார்.

வெள்ளிக்கிழமைக் காலைப் படத்தில் உருவம் தெரிந்தது. ஆனால் சுவர் மஞ்சள், கதவு மஞ்சள். தலையில் துணி சுற்றிய ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகமும் பளீரென்ற மஞ்சள். தம்புசாமி துள்ளினார். வெள்ளிக்கிழமை தவறாமல் தலைமுழுகி, துண்டு சுற்றி, முகத்தில் மஞ்சள் பூசுபவள் அந்தக் கட்டடத்தில் ஒருத்திதான்.

"மலர்விழி! வாடகைக் கதை சொன்ன வாய்தானா இது?" என்று நாலாம் மாடிக்கே போய்க் கேட்டுவிட்டார்.

"நான் நேத்து ராத்திரியே கிள்ளானுக்கு, அக்கா வீட்டுக்குப் போயிட்டேன் அங்கிள். இப்பதான் செருப்பக் கழட்டுறேன். என் வீட்ல அஞ்சு ஓட்டு இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க!"

வீடு திரும்பியவரிடம் உஷாராணி வேட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "துவைக்கிறப்பல்லாம் சொட்டு நீலம் போடுறேன். உங்க கண்ணுக்கு அது வெள்ளை. கேமராவுக்கு நீலம்தானே? நீலத்த வெள்ளையாக்கப் போயி ஊரையே மஞ்சளாக்கிடுச்சு."

தம்புசாமி அடக்கத்தோடு ஒரு வெள்ளைத் தாளைக் காட்டினார். எக்ஸ்போஷரைச் சிட்டிகை அளவே கூட்டினார்.

சனிக்கிழமைக் காலைப் படம் கண்ணாடிபோல் விழுந்தது. அடுத்த வீட்டு ரம்லத்! தலையில் முக்காடு, ஒரு கையில் தண்ணீர்க் குவளை. மறுகை இலையை உருவுகிறது.

"பறிச்ச கையோட கழுவிக்கிறதுக்குக் குவளை வேற! எவ்வளவு திட்டம் பாத்தியா?" என்றார்.

"விட்டுடுங்க. நோன்புப் பெருநாளுக்கு நமக்குப் பிரியாணி குடுத்து விடுறவங்க. தினம் முகத்துல முழிக்கணும்."

"பிரியாணி வேறு, நீதி வேறு," என்றார் தம்புசாமி, மேடைத் தமிழில்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்தது. திரையில் ரம்லத்தின் முகம் பொன்வெயிலில் பூத்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது. முன்வரிசையில் மகள் தஸ்லீமாவோடு அமர்ந்திருந்த ரம்லத் மட்டும் கைதட்டினார்.

"ஆத்தாடி! அண்ணே, கல்யாணத்துல கூட என்னை இவ்வளவு அழகா யாரும் எடுக்கல!"

தம்புசாமி குரலை உயர்த்தினார். "வெக்கப்பட வேணாமா நீங்க? ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பறிச்சா நான் வேணாம்னா சொல்லப் போறேன்? என் மனைவி ஆசையா வாங்கி வச்ச செடி அது!"

"நானா?" என்றாள் உஷாராணி. "நீங்க வாங்கினதுன்னுல்ல நெனச்சேன்…"

தஸ்லீமா தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"அங்கிள், அது எங்க செடி. எங்க வாசல்ல வெயில் விழாதுன்னு உங்க வாசல்ல வச்சோம். நீங்க ரெண்டு பேரும் தினம் பறிக்கிறதப் பாத்து அம்மாதான், 'பாவம், கேக்கக் கூச்சப்படுறாங்க, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத'ன்னாங்க!"