டயல் மாமாவின் நாலு கோடு

திருப்பாதிரிப்புலியூருக்கு ரயில் நின்றுபோனபோது சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் டயல் மாமாதான். அகலப் பாதை போடுவதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். ஊரே பஸ்ஸுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தது. மாமா கால் கிலோ அல்வாவோடு மாடியேறி வந்து என் அறைக் கதவைத் தட்டினார்.

"இன்னா மாமா விசேஷம்?"

"இனிமே ரயில் கெடையாது மாப்ள. தரை அதிராது. ஆறு மாசத்துல மிஷின முடிச்சிடறேன்."

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். சிதம்பரத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய மாடியில் அறை எடுத்திருந்தேன். ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. எதிர் அறையில் மாமா. வேறொரு கம்பெனியில் ஃபிட்டர், நாற்பது வயது, தனி ஆள். மற்றவர்கள் பேனா வைக்கும் சட்டைப் பையில் அவர் டயல் கேஜ் வைத்திருப்பார். பார்ப்பதற்குப் பெரிய கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். ஒரு பொருள் தலைமுடிக் கனத்தில் ஏழில் ஒரு பங்கு நகர்ந்தால்கூட அதன் முள் ஒரு கோடு தள்ளும். அவருடைய நிஜப் பெயர் வீட்டு ஓனரம்மாவுக்கே மறந்துபோயிருந்தது.

மாமா வீட்டிலேயே ஒரு சி.என்.சி. ரவுட்டர் செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைத் தானாகச் செதுக்கும் இயந்திரம். "வீட்ல செஞ்ச மிஷின்ல வட்டம் போட்டா முட்டையாத்தான் வரும்" என்று கூட வேலை செய்யும் யாரோ சொல்லிவிட்டானாம். அன்றிலிருந்து மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம். ஃபிரேம் ஆடக் கூடாது. மோட்டாரை முதலிலேயே வாங்கி, பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலடியில் வைத்துவிட்டார். ஃபிரேம் அசையாமல் நின்றால்தான் அதை வெளியே எடுப்பது என்று வைராக்கியம்.

முதல் ஃபிரேம் பிளைவுட். அது ஆடியது, என் புத்தக அலமாரி ஆனது. இரண்டாவது அலுமினியம். அதில் இப்போது ஓனரம்மா புடவை உலர்த்துகிறார். மூன்றாவது இரும்பு. சதுரக் குழாய்களை வெல்டிங் வைத்து, மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் கொடுத்து, குழாய்க்குள் கொட்டுவதற்காகக் கெடிலம் ஆற்று மணலைச் சலித்து, கழுவி, மொட்டைமாடியில் காயவைத்தார். மணல் நிரம்பினால் இரும்பு அதிராதாம்.

ஓனரம்மா மேலே வந்து பார்த்தார். "மாடி மேல இன்னொரு வீடு கட்டப் போறியாப்பா?"

"இல்லக்கா. சும்மா ஒரு டேபிளு."

"டேபிளுக்கு எதுக்குப்பா அஸ்திவாரம்?"

அந்த ஃபிரேமைச் சோதிக்கும் முறைதான் விசேஷம். சுவரில் ஒரு கம்பி அடித்து, அதில் டயலை மாட்டி, அதன் நுனி ஃபிரேமைத் தொடுகிறபடி வைப்பார். ஒரு ஆள் தள்ள வேண்டும், மாமா முள்ளைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருத்தரே செய்ய முடியாது. அதனால் மற்ற வீடுகளில் வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பார்கள் என்றால் மாமா வீட்டில், "கொஞ்சம் தள்ளிட்டுப் போங்க" என்பார். சிலிண்டர்காரர் தள்ளினால் ஒன்பது கோடு. தபால்காரர் மூன்று. யார் எத்தனை கோடு என்பது அவருக்கு மனப்பாடம்.

ஒருமுறை வடலூரிலிருந்து அவருடைய அக்கா, பெண் வீட்டாரை மாப்பிள்ளை பார்க்கக் கூட்டிவந்தார். பெண்ணின் தாய்மாமன் நல்ல ஆகிருதி. மாமாவின் கண்கள் மின்னின. அரை மணி நேரத்தில் அந்தத் தாய்மாமன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பின்னாலேயே பெண் வீடு மொத்தமும் இறங்கியது.

"இன்னாடா பண்ண அவுங்கள?" என்றார் அக்கா.

"பன்னெண்டு கோடுக்கா. இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

அக்காவும் அதற்குப் பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

ரயில் நின்று ஆறு மாதம், ஒரு வருடம், அதற்கு மேலும் ஆயிற்று. மிஷின் முடியவில்லை. தினமும் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் கூப்பிடுவார். "மாப்ள, ஒரு தள்ளு." தள்ளுவேன். "நாலு கோடு. இன்னும் ஆட்டம் ஜாஸ்தியா இருக்கு. நாளைக்குப் பாப்போம்." டீ போடுவார். எங்கள் அப்பா முந்திரித் தோப்பில் கூலிக்குப் போவதை, நான் அனுப்பும் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்க அவர் ஊரில் ஆள் தேடுவதை, எல்லாம் அந்த டீயின்போதுதான் சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. நான் ஃபிரேமில் கை வைப்பதற்கு முன்பே முள் ஆடியது. பின்னால் போனேன், முள் திரும்பியது. கிட்டே வந்தேன், நாலு கோடு. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அதே நாலு கோடு.

பாய்ந்துபோய்ப் பேப்பரும் பென்சிலும் எடுத்துவந்து படம் போட்டேன். "மாமா, ஃபிரேம் ஆடவே இல்ல. இது மரக்கட்டை மேல நிக்கிற பழைய தளம். ஆளு கிட்ட வந்தா வெயிட்டுல தரை அமுங்குது. அதைத்தான் முள்ளு காட்டுது. ஃபிரேம் கல்லு மாதிரி நிக்குது மாமா. மோட்டார எடுங்க."

மாமா படத்தைப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்க. தெரியும் மாப்ள."

"எப்பலேருந்து?"

"மணல் கொட்டினதுலேருந்து. ஒரு வருஷம் இருக்கும்."

"அப்புறம் எதுக்குத் தெனம் தள்ளச் சொன்னீங்க?"

அவர் டயலின் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார். "ஆளில்லாதப்ப அது ஆடறதே இல்ல. நாளெல்லாம் பாத்துக்கினு ஒக்காந்தாலும் ஆடாது."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. நான் சாயங்காலம் வந்து, சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். எதிர்க் கதவு சாத்தியே இருக்கும். அதுவரை சரியான விடைக்கு மார்க் வாங்கித்தான் எனக்குப் பழக்கம். சரியான விடை சொல்லி, ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மனிதரையும் தொலைத்தது அதுதான் முதல் தடவை.

பதினைந்தாம் நாள் நானே போய்க் கதவைத் தட்டினேன். "மாமா, அந்த மூலை வெல்டிங்கு எனக்குச் சந்தேகமா இருக்கு. தள்ளிப் பாத்துடலாமா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த மூலை?"

"நாலு மூலையும்தான்."

"படிச்ச ஆளு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று டீக்குத் தண்ணீர் வைத்தார்.

பிறகு எனக்குச் சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக் பட்டறையில் வேலை கிடைத்தது. முதலில் வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்தேன். பிறகு மாதம் ஒருமுறை. கல்யாணம் ஆனது. அதற்கப்புறம் அதுவும் இல்லை. நான் இருந்த அறை காலியாகவே கிடக்கிறது என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

அகலப் பாதையில் ரயில் ஓட ஆரம்பித்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிறு காலை நானும் ரயிலேறிப் போனேன். அதே மாடி, அதே படி. கதவு சாத்தியிருந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அஞ்சு கோடு. யாரு?" கொஞ்சம் நிதானித்து, "மாப்ளயா? வெயிட்டு போட்டுட்டியா?"

கதவைத் தள்ளினேன். டயலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கட்டிலடியில் மோட்டார், அதே வேட்டி. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கமான இடத்தில் போய் நின்றேன்.

தூரத்தில் ரயில் ஊதியது. தளம் முழுக்க அதிர்ந்தது. முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது.

"மறுபடி ரயில் வந்துடுச்சே மாமா. மிஷின் இன்னா ஆவறது?"

"வரட்டும் மாப்ள. அதுலதானே நீ வந்த."