மணல் அப்பிய காந்தம்

பலமனேரில் இருக்கும் மச்சான் கமலக்கண்ணன் அவர்களுக்கு, புத்தூரிலிருந்து வேதாச்சலம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் தங்கை அலர்மேல்மங்கையும் நலம் என்று வழக்கம்போல அடுத்த வரியிலேயே எழுத முடியவில்லை. போனில் சொல்லலாம் என்றால், பக்கத்திலேயே உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை திருத்தம் சொல்கிறாள். அதனால் கடிதம்.

முதலில் நன்றி. முடி கொட்டுகிறது என்று அவள் புலம்பியதைக் கேட்டு, உங்கள் மருமகள் பிரித்திகா மூலம் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய மாத்திரை டப்பா வந்து சேர்ந்தது. அண்ணன் கொடுத்ததாயிற்றே என்று ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்கிறாள்.

இப்படியிருக்க, கொஞ்ச நாளாக அசதி என்றாள். டாக்டர் தைராய்டு பார்க்கச் சொன்னார். திருப்பதியில் ஒரு லேபுக்குப் போனோம். அங்கே இருப்பது ஸ்வர்ணலதா, நகரிப் பள்ளியில் என்னிடம் அறிவியல் படித்த தெலுங்குப் பெண். நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வருவதற்குள், இன்னார் மனைவி என்று தெரியாமல், "மந்து தீசுகுண்டாரா?" என்று இவளைக் கேட்டிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு மந்துக்கடை வாசலில் விழுந்து கிடப்பவர்களைப் பார்த்தாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவள் உங்கள் தங்கை. "நம்ம வம்சத்துலயே அந்தப் பழக்கம் கிடையாதும்மா" என்று கையை நீட்டிவிட்டு, என்னைக் கண்டதும், "என்னைப் பாத்தா குடிச்சிக்கினு வர்றவ மாதிரியா கீது?" என்று ஆரம்பித்தவள் ரேணிகுண்டா தாண்டியும் நிறுத்தவில்லை.

ரத்தத்தை எப்படிப் பார்க்கிறாய் என்று ஸ்வர்ணலதாவைக் கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத காந்த மணிகளை ரத்தத்தில் கலப்பார்களாம். வேண்டிய பொருள் மட்டும் மணியில் ஒட்டிக்கொள்ளும். வெளியே ஒரு காந்தத்தை வைத்தால் மணியெல்லாம் ஓரமாகப் போய் நிற்கும், மற்றதைக் கழுவிவிட்டு, நின்றது எவ்வளவு என்று மிஷின் சொல்லும். "நீங்க எட்டாங்கிளாஸ்ல இரும்புத்தூள் காட்டினீங்களே சார், அதேதான்" என்றாள். எனக்கு உடனே நகரி ஆறுதான் கண்ணில் நின்றது. உங்கள் நைனாவின் உடைந்த ரேடியோவிலிருந்து நீங்கள் கழற்றிய காந்தம், அதைக் கயிற்றில் கட்டி நாம் இருவரும் மணலில் இழுத்தது, முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு வந்த கருமணல். பாவாடையை ஏந்திக்கொண்டு பின்னால் வந்த அலமேலுவின் சடையில் கருமணல் ஏறிவிட, அத்தைக்குப் பயந்து நீங்கள் அந்தக் காந்தத்தாலேயே அவள் தலையைச் சீவினீர்கள். எத்தனை அடர்த்தியான சடை அது. அப்போதே ஒரு முடிவுக்கு வந்தேன், உங்களிடம்தான் சொல்லவில்லை.

ரிப்போர்ட் வந்தது. டி.எஸ்.எச். என்ற ஒன்று இருக்க வேண்டிய அளவைவிட மிகமிகக் குறைவு. தைராய்டு எக்கச்சக்கமாக வேலை செய்கிறது போல, ஒரு வாரம் போகட்டும், மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். இவளோ காந்த மணியைத் தன் உடம்புக்குள் விட்டுவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டாள். இரும்பு தோசைக்கல்லைத் தொடுவதில்லை. பீரோ பக்கம் போவதில்லை. பயம் தெளியட்டும் என்று ஒரு ஹேர்பின்னை எடுத்து அவள் கையில் வைத்துக் காட்டினேன். தேங்காயெண்ணெய்ப் பிசுக்கு. ஒட்டிக்கொண்டது. அடுத்த வீட்டு சென்னம்மா வேறு அதைப் பார்த்துவிட்டாள், தெருவே வந்து ஆளுக்கொரு பின் ஒட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன் மச்சான். ஆனால் நேற்று மாலை விளக்கேற்றிவிட்டு, "எங்க அண்ணனை ஒரு தபா வந்துட்டுப் போவச் சொல்லு" என்றாள். பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ உதாரணம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும். கிளம்பி வாருங்கள். வரும்போது அந்த மாத்திரை இன்னொரு டப்பா கொண்டுவாருங்கள். இப்போது அவள் நம்புவது அது ஒன்றைத்தான்.

அக்காவுக்கு என் வணக்கம். பிரித்திகாவுக்கும் குழந்தைகளுக்கும் ஏழுமலையான் அருள் என்றும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
வேதாச்சலம்

பின்குறிப்பு: மாத்திரை வேண்டாம். கவர் ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ஸ்வர்ணலதா போன் செய்தாள். "டி.எஸ்.எச். அவ்வளவு குறைஞ்சது சந்தேகமா இருக்கு, மேடம் முடிக்கு ஏதாவது சாப்பிடறாங்களா சார்? மந்து ஏதாவது எடுக்கறீங்களான்னு கேட்டேன், முறைச்சாங்க." தெலுங்கில் சாராயம் மட்டுமல்ல, மருந்தும் மந்துதான் என்பது, முப்பது வருஷம் தெலுங்குப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த எனக்கே அப்போதுதான் உறைத்தது. முடி மாத்திரையில் பயோட்டின் என்று ஒன்று இருக்கிறதாம். அவர்களுடைய காந்த மணி வேண்டியதைப் பிடிக்கும் கொக்கியும் பயோட்டின்தானாம். மாத்திரையின் பயோட்டின் முந்திக்கொண்டு மணியில் உட்கார்ந்துவிட்டால், வர வேண்டியதற்கு இடமில்லை. மணல் அப்பிய காந்தத்தில் ஆணி ஒட்டாதே, அதுபோல. டாக்டரைக் கேட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு, மறுபடி ரத்தம் கொடுத்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம் இத்தனை நாள் கவருக்குள்ளேயே கிடந்தது.

அலமேலுவிடம், உனக்கு ஒரு வியாதியும் இல்லை என்று சொன்னேன். சடையை முன்னால் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப என் முடிக்கு இன்னா பண்றது?"