என்ன ஆபரேஷனாம்?

நலம் விசாரிப்பவர் என்றோர் இனம் நம்மிடையே உண்டு. ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த செய்தி, அவர் வீட்டுப் படியேறுவதற்குள் இவர்களுக்கு எட்டிவிடும். கையில் நாலு சாத்துக்குடி, முகத்தில் அளவான சோகம், வாயில் ஒரே கேள்வி. ஆள் தேறிவிட்டாரா என்பதல்ல அந்தக் கேள்வி, தேறினால் தேறட்டும். என்ன நோய், எந்த இடத்தில், எவ்வளவு அறுத்தார்கள், அறுத்ததை வீட்டாரிடம் காட்டினார்களா என்பதெல்லாம் தெரியாமல் திரும்பினால் சாத்துக்குடி தண்டம்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் வசிக்கும் சுபலட்சுமி இந்த இனத்தின் மாணிக்கம். எதிர்வீட்டுப் பித்தப்பைக் கல், பக்கத்து வீட்டுக் கர்ப்பப்பைக் கட்டி, மூன்றாம் மாடிக்காரரின் மூலம் என்று அத்தனை பேரின் உள்ளுறுப்புகளும் அவருக்கு அத்துப்படி. "நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றுதான் விசாரிக்கத் தொடங்குவார். பிறகு எல்லாரிடமும் சொல்லுவார்.

அப்படிப்பட்டவருக்கு இரண்டாம் மாடி கனிஷ்கா ஒரு சவாலாக வந்து வாய்த்தாள். தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். தில்லைநகரில் ஏதோ ஆஸ்பத்திரிக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிட்டாள். அவள் கணவன் இளவரசன், "சின்ன ஆபரேஷன்தாங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் நழுவினான். விஷயம் வெளியே போக வேண்டாம், திங்கட்கிழமை நிம்மதியாக வகுப்புக்குள் நுழைய வேண்டும் என்று அவள் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

சின்ன ஆபரேஷனா? சின்னது என்றால் சொல்வதற்கு என்ன? சுபலட்சுமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் சாத்துக்குடியோடு மாடி ஏறினார்.

"பத்தியம் ஏதும் உண்டா கண்ணு?"

"இல்லங்க ஆன்ட்டி, எல்லாம் சாப்பிடலாம்."

வயிறு இல்லை.

"நடக்கலாமா?"

"நல்லா நடக்கலாம்."

கீழ்ப்பகுதி முழுக்கத் தள்ளுபடி. கழுத்தில் கட்டு இல்லை, ஆகவே தைராய்டும் போயிற்று.

"கை தூக்க முடியுதா?"

"கொஞ்சம் வலிக்குது."

சுபலட்சுமியின் கண்கள் கழுத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கின. கனிஷ்கா மேலே போர்த்தியிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, இந்த அம்மாளுக்குப் பதில் சொல்லாமல் விடிவு இல்லை என்று பட்டதோ என்னவோ, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கு வயசுக்கு வந்ததுலேர்ந்து ரெண்டு மார்க்காம்பும் உள்ள மடங்கியே இருந்துச்சு. அடிக்கடி புண்ணாகும், சீழ் பிடிக்கும். உள்ள இழுத்துப் பிடிச்சிருந்த நார் எல்லாத்தையும் விடுவிச்சு, வெளில எடுத்துத் தையல் போட்டிருக்காங்க. பாப்பா பொறந்தப்ப அதுக்கு வாயில பிடிக்க ஒண்ணும் கெடைக்கல. அது அழ, நான் அழ, கடைசியில பால் பவுடர் வாங்கினோம். அப்ப நீங்க கீழ என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? அழகு கெட்டுவிடும் என்று இந்தக் காலத்துப் பெண்கள் பிள்ளைக்குப் பால் கொடுப்பதில்லை என்று கேட் ஓரத்தில் நின்று நாள் தவறாமல் பிரசங்கம் செய்தவர் அவர்தான். அது கனிஷ்காவின் மாமியார் காதுவரை போய், அந்தப் பெண் பச்சை உடம்போடு வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல.

"நான் பொதுவாச் சொன்னேன்" என்றார் சுபலட்சுமி.

"இதையாவது யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சேச்சே, நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

கீழே கேட்டருகில் முதல் மாடி ரெங்கம்மாள் நாலு பெண்களோடு காத்திருந்தார். "என்னவாம்?" என்றார். சுபலட்சுமி வாயைத் திறந்தார். மூலத்தை ஆண்கள் நடுவில் உரக்கச் சொன்ன வாய்தான். முலைக்காம்பு என்று சொல்ல அதற்கு வரவில்லை. சொன்னால் பழைய பிரசங்கம் பொய்யாகிப் போகும் என்ற சங்கடம் வேறு. ஆனால் ஒன்றுமே சொல்லாமல் எப்படி வீட்டுக்குப் போவது? மார்பில் ஒரு நொடி கையை வைத்தார். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். மூக்கை உறிஞ்சினார்.

"பாவம், சின்ன வயசு. என்னைக் கேக்காதீங்க, வாக்குக் குடுத்துட்டேன்."

ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். மதியம் அது கட்டி ஆனது. சாயங்காலம் புற்றுநோய் ஆனது. விளக்கு வைப்பதற்குள் ஒரு பக்கத்தை எடுத்தேவிட்டார்கள். அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அதில் இருந்த ஒருவரின் பிள்ளை கனிஷ்காவின் பள்ளியில்தான் படித்தது.

திங்கட்கிழமை கனிஷ்கா பள்ளிக்குப் போனாள். எதிரே வந்த ஒவ்வொருவர் கண்ணும் முதலில் அவள் புடவைத் தலைப்பில் இறங்கி, எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு ஏறியது. தலைமையாசிரியை பெலிண்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க உடம்பைப் பாருங்க மிஸ், பத்தாம் வகுப்பை வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்" என்றார். வகுப்பைத் திரும்ப வாங்க வேண்டுமானால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பெலிண்டாவிடம் சொன்னாள். நிர்வாகியிடம் சொன்னாள். ஆசிரியர் அறையில் நின்று, யாருக்குமே தெரியக் கூடாது என்று நினைத்ததைத் தன் வாயாலேயே எல்லாருக்கும் விளக்கினாள். வகுப்பு கிடைத்துவிட்டது. அன்று இரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

செய்தி சுபலட்சுமிக்கும் வந்தது. அவருக்கு உண்மையாகவே மனம் நொந்துபோயிற்று. "நான் உயிரே போனாலும் சொல்லல ரெங்கம்மா. இப்ப பாருங்க, அந்தப் பொண்ணே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. வெக்கம் வேணாம்?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் கனிஷ்கா கதவைச் சாத்தியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? சுபலட்சுமிக்குப் பக்கத்தில், இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து அல்லவா உட்கார்ந்திருந்தீர்கள்? முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்டாயிற்று. அந்தப் பெண்ணுக்கு வலி குறைந்ததா என்று நீங்களும் இதுவரை கேட்கவில்லை.