பீலிங் சார்

சூரியன் மேல் போலீசில் புகார் கொடுக்க முடியும் என்றால், மரக்காணத்தில் முதல் ஆளாகப் போய் நிற்கக்கூடியவர் எங்கள் பீலிங் சார்தான். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

உப்பு கம்பெனி ஆபீசில் எனக்கு எதிர் மேசை அவருடையது. லாரிகளை எடை போடுவது அவர் வேலை, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. சன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திதான். வெயில் மேலேயிருந்து ஒரு முறை அடிக்கும், உப்பில் பட்டுக் கீழேயிருந்து இன்னொரு முறை அடிக்கும். அதில் இருபத்தைந்து வருஷம் நின்றவர், ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நாள் கண்ணாடியை உற்றுப் பார்த்துவிட்டார். நெற்றியிலும் கன்னத்திலும் கருந்திட்டு. மறுநாளே பாண்டிச்சேரிக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கெமிக்கல் பீலிங்மா. ஒரு ஆசிட்டை அளவா மூஞ்சில தடவுவாங்க. மேல்தோல் உரிஞ்சி வந்துடும். உள்ள இருக்கிற புதுத்தோல் வெளிய வரும். மொத்தம் ஆறு தடவ."

"இந்த வயசுல வெள்ளையாகி என்ன சார் பண்ணப் போறீங்க?"

"வெள்ளையாவணும்னு யாரு சொன்னது?" சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினார். "இங்க பாரு. வெயில் படாத இடம். இதான் என் கலர். ரிட்டயர் ஆவறதுக்குள்ள என் மூஞ்சிய என் கலர்ல ஒரு தடவ பாத்துடணும்."

அன்றிலிருந்து ஆபீசுக்கு யார் வந்தாலும் அந்தச் சட்டைக் கை மேலே போய்விடும். கூரியர் கொடுக்க வந்தவர்கூடக் கையெழுத்து வாங்குவதற்கு முன் அந்தத் தோளைப் பார்த்தாக வேண்டும்.

லாரி டிரைவர்களுக்கு விஷயம் பாதிதான் போய்ச் சேர்ந்தது. 'சார் பீலிங்ல இருக்காராம்' என்று பரவிவிட்டது. கீழ்புத்துப்பட்டு டிரைவர் ஒருவர் உள்ளே வந்தார். சார் சிவந்த முகத்தோடு தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் போய்த் தோளைத் தட்டினார்.

"விடு சார். வூட்ல சண்டைன்னா நாலு நாள்ல சரியாயிடும். எனக்கு இல்லாத பீலிங்கா?"

"அந்த பீலிங் இல்லப்பா. இது பீலிங்."

அதற்கு மேல் அவரால் விளக்க முடியவில்லை. பெயர் நிலைத்துவிட்டது.

என் கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் மூன்றாம் நாள் அவர் தோல் உதிரத் தொடங்கும். பிய்க்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அது தானாக என் கீபோர்டில் உதிரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் பூச போனில் அலாரம் அடிக்கும். எடை மேடையில் லாரி நின்றால் நிற்கட்டும், இவர் பூசி முடித்துத்தான் எடை சொல்வார். சன்னல் முழுக்க நியூஸ் பேப்பர் ஒட்டினார். பட்டப்பகலில் டியூப்லைட் போட்டு வேலை பார்த்தோம்.

பாத்தியில் உப்பு வாரும் பெண்களையும் விடவில்லை. ரெண்டு விரல் நீளத்துக்கு கிரீம் எடுக்க வேண்டும் என்று வாசலில் நின்று பாடம் எடுத்தார். "வேர்வையில அது நிக்குமா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். ஒரு வாரம் யோசித்துவிட்டு, நிற்காது என்று ஒப்புக்கொண்டார்.

வெளியே போய் லாரி பார்க்க வேண்டிய நேரத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஸ்டெல்லா, நீ போயி பாத்துட்டு வந்துடும்மா. எனக்கு இன்னிக்கி அஞ்சாவது நாள்." அவருக்கு ஒரு நாள் அஞ்சாவது நாள், ஒரு நாள் ஆறாவது நாள். வெயில் மட்டும் எல்லா நாளும் எனக்கு. நாலு தடவை முடிவதற்குள் அவர் கன்னத்திலிருந்து கிளம்பிய கருப்பு நேராக என் கன்னத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த நேரத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாதா கோயிலில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் இந்த மூஞ்சியோடு நிற்கப் பிடிக்கவில்லை. அவரிடம் யோசனை கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் ரிட்டயர் ஆகும் வரை பேசுவாரே என்று பயந்து, ஆன்லைனில் அதே பீலிங் ஆசிட் ஒரு பாட்டில் வரவழைத்தேன். வீட்டில் வைத்துப் பூசினால் கேள்வி வரும். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பூசினேன். இரண்டு நிமிடம் என்று எழுதியிருந்தது. இரண்டு நிமிடத்துக்கே பலன் என்றால் ஐந்து நிமிடம் இன்னும் நல்லது என்பது என் கணக்கு. நாலாவது நிமிடம் மிளகாயை அரைத்து அப்பியது போல் எரிந்தது. கத்திவிட்டேன்.

சார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் போர் குழாய்க்கு ஓடினேன்.

"அது உப்புத் தண்ணி. இங்க வா."

குடிதண்ணீர் கேனைத் தூக்கி என் முகத்தில் சாய்த்தார். ஒரு கேன் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. போதும் சார் என்றேன். "பேசாத. இன்னும் பத்து நிமிஷம்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார். அன்று ஆபீசில் யாருக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை.

பிறகு வண்டியை எடுத்தார். உச்சி வெயில். இருந்தது ஒரு ஹெல்மெட். அதை என் தலையில் மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"சார், உங்களுக்கு இன்னிக்கி நாலாவது நாள்."

"உக்காரும்மா."

பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் எல்லாம் தாண்டி பாண்டிச்சேரி போய்ச் சேரும்வரை அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. எரிச்சலைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா என்னைத் திட்டி முடித்து மருந்து போட்டுவிட்டு, அவர் பக்கம் திரும்பினார். புதுத்தோல் வெந்த இறால் நிறத்தில் இருந்தது.

"உங்களுக்கு நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"கார் எதுவும் கெடைக்கல டாக்டர்" என்றார். அவர் கார் தேடவே இல்லை.

என் முகம் மூன்று வாரத்தில் ஆறியது, தாடையில் மட்டும் சின்னதாக ஒரு தழும்பு. அவர் முகம் முதல் தடவைக்கு முன்னால் இருந்ததைவிடக் கறுத்துவிட்டது. மீதி இரண்டு தடவையும் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்னாலதான சார்?"

பெரிய மனதோடு 'இல்லையம்மா' என்பார் என்று நினைத்தேன்.

"உன்னாலதான். பின்ன யாரால? ஏன் அஞ்சு நிமிஷம் வச்ச? மொதல்ல காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவிப் பாத்தியா? நான் ஒருத்தன் எதிர்லயே உக்காந்திருக்கேன், என்கிட்ட ஏன் கேக்கல?"

மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்தது சாயங்கால பஸ் வரும்வரை வந்துகொண்டே இருந்தது. அதோடும் விடவில்லை. இப்போது டிரைவர்கள் வந்தால் தோளைக் காட்டுவதில்லை. "அந்தம்மா தாடையப் பாருங்க" என்று என்னைக் காட்டுகிறார். இவரோடு ஒருத்தி எப்படி வேலை பார்ப்பது, நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணத்துக்குக் குடையோடு வந்தார். குரூப் போட்டோவில் கடைசி வரிசையில், நிழல் விழும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். ஆல்பம் போடும்போது போட்டோகிராபர் எல்லார் முகத்தையும் கம்ப்யூட்டரில் பளிச்சென்று ஆக்கித் தருவதாகச் சொன்னார். என் தாடையில் உள்ளதையும் எடுத்துவிடலாமாம்.

எடுத்துவிடுங்கள் என்றேன். பின்வரிசையில் ஓரமாக நிற்பவர் முகத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம், அது எங்களுக்கு அப்படியே வேண்டும் என்றேன்.